வாழைப்பழப் பெட்டியில் ஒன்பது டிகிரி

முப்பத்தோரு வருடமாக நான் பழுது பார்ப்பது
கேப் காட் வீடுகளின் நிலவறைக் கொதிகலன்களை.
குளிர்கிறது என்று யார் அழைத்தாலும்
எண்ணெய்க் கறைக் கைகளோடு போய்
ஒரு சுடரை எழுப்பிவிட்டு வருவேன்.
என்னைக் கேட்டால் உடம்பும் ஒரு வீடுதான்.
எங்கோ சுவரில் ஒரு தெர்மோஸ்டாட்,
எங்கோ அடியில் ஒரு நெருப்பு.

இன்றிரவு வெல்ஃப்லீட் கரையில்
வடமேற்குக் காற்று
கண்ணீரைக் காதுவரை இழுத்துக்கொண்டு போக,
டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்
அடுப்பே இல்லாத ஒரு வீட்டை.

சாப்பாட்டுத் தட்டளவு ஆமை.
ஓட்டில் பாசி, இமையில் மணல்.
தொட்டுப் பார்த்தேன்.
கடல் எவ்வளவோ அதுவும் அவ்வளவே.

குளிர்ந்தால் மேலே மிதந்து
முதுகைக் காட்டி வெயிலிடம் கடன் வாங்கும்;
மிஞ்சினால் ஆழத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடும்.
கையிருப்பு என்று ஒன்றும் கிடையாது.

"தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டதா?" என்றேன்.
"தெரியாமலா?" என்றாள் ஒலிந்தா,
காய்ந்த கடற்பாசியை அதன்மேல் போர்த்தியபடி.
"அக்டோபரிலேயே தெரியும் அனிபால்.
தெற்கே போ என்றது தோல்.
தெற்கே போனது.
தெற்கே இருந்தது நம் ஊர்."

மடக்கிய கை எங்கள் நிலம்.
கைக்குள் குடா.
சரியாகத்தான் உணர்ந்தது,
சரியாகத்தான் திரும்பியது,
மணலில் முட்டியது,
மறுபடியும் சரியாகத் திரும்பியது.
தண்ணீர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கிய ஒரு நாள்
துடுப்புகள் நின்றுபோயின.
பிறகெல்லாம் காற்றின் முடிவு.

பழைய துண்டு விரித்த
வாழைப்பழப் பெட்டியில் கிடத்தினோம்.
பெட்டியின் பக்கவாட்டில்
எக்வடோர் என்று அச்சடித்திருந்தது.
"வண்டியில் ஹீட்டரைப் போடாதே" என்றாள்,
என் தொழில் தெரிந்தே.

நாளைக்கு மூன்று டிகிரிதான் ஏற்றலாமாம்.
அவசரப்பட்டால்
இதயம் மட்டும் விழித்துக்கொள்ளும்.
மற்ற அறைகளில் எல்லோரும் உறங்க
அது ஒன்று மட்டும்
கதவு கதவாகத் தட்டிக்கொண்டு
ஓடி ஓடியே விழுந்துவிடும்.

நெடுஞ்சாலை ஆறு. கண்ணாடியில் என் மூச்சு உறைகிறது;
ஸ்டியரிங்கில் இருப்பவை என் விரல்கள்தானா என்று
எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.
பாலம் தாண்டும்போது போன்.
ட்ரூரோவிலிருந்து திருமதி நிக்கர்சன்:
"கொதிகலன் அணைந்துபோச்சு."
வண்டியில் ஒரு நோயாளி என்றேன்.
"யாரு?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
"என்கிட்ட மூணு ஸ்வெட்டர் இருக்கு.
பூனை இருக்கு.
அதை முதல்ல கொண்டுபோய்ச் சேரு."

குவின்சி மருத்துவமனையில்
இருபது வயதுகூடத் தாண்டாத ஒரு பெண்
கழுத்தோரம் களிம்பு தடவி
ஒலிக்கருவியை அழுத்தினாள்.
இரைச்சல்.
வெறும் இரைச்சல்.
சுவர்க் கடிகாரத்தின் முள் முக்கால் சுற்று போய்விட்டது.
நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன்.
"போட்டுக்கொள்ளுங்கள்,
இன்னும் ஒரு நிமிடம் ஆகவில்லை" என்றாள் அவள்
நிமிராமல்.

டுப்.

அவ்வளவுதான். அடுத்ததற்கு
மறுபடி அதே நீளக் காத்திருப்பு.
பலகையில் எழுதினாள்: ஒன்பது.
நாளை பன்னிரண்டு. அதற்கடுத்து பதினைந்து.
கணக்கு தவறினால் அடித்துவிட்டு எழுத
பக்கத்தில் இடம் விட்டிருந்தாள்.

திரும்பும் வழியில்
ட்ரூரோ அடுப்பு நினைவில் இருந்ததால்
ஹீட்டரை முழுக்கத் திருகினேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு நகக்கண் ஒவ்வொன்றிலும் ஊசி இறங்க,
வாய்விட்டுக் கத்தினேன், யாரும் இல்லாத வண்டியில்.

இத்தனை வருடத்தில்
எத்தனை வீடுகளை ஒரே திருகில் எழுப்பினேன்.
வலிக்கிறதா என்று
ஒரு சுவரைக்கூடக் கேட்டதில்லை.

குமிழை ஒரு கோடு
குறைத்து வைத்தேன்.